தமிழ் மீடியம்ல படிச்சவங்களுக்கு இங்கிலீஷ் கிராமரும் பேசேஜும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது எப்படி படிக்கறது

பேங்க் எக்ஸாம், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி எக்ஸாம்னு படிக்கற பசங்க நிறைய பேர் சொல்றது ஒண்ணுதான், மேத்ஸ் போட்டுடுவேன், ரீசனிங் போட்டுடுவேன், இங்கிலீஷ்லதான் கட்ஆஃப் தாண்ட மாட்டேங்குதுன்னு. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், காலேஜ்லயும் எல்லாத்தையும் தமிழ்ல புரிஞ்சுகிட்டு இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணி எழுதினவங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். எக்ஸாம் எழுதாதவங்களும் படிக்கலாம், வழி ஒண்ணுதான்.

எல்லாரும் வழக்கமா என்ன பண்றாங்கன்னா தடியா ஒரு கிராமர் புக் வாங்கறாங்க, நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ்னு முதல் பக்கத்துலேர்ந்து போறாங்க, டென்ஸ் வரும்போது பன்னெண்டு கட்டம் போட்ட சார்ட்டை சுவத்துல ஒட்டறாங்க, அதோட நின்னு போயிடுது. அந்த சார்ட் முழுசா தெரிஞ்சவங்களுக்கும் ஒரு பேசேஜ், அதாவது படிச்சு கேள்விக்கு பதில் சொல்ற பத்தி, குடுத்தா நாலாவது வரியில தலை சுத்தும். ஏன்னா கிராமர் ஒரு பாடம், பேசேஜ் வேற ஒரு பாடம்னு நாம பிரிச்சு வச்சிருக்கோம். ரெண்டும் ஒரே வேலை. ஒரு வாக்கியத்துல யாரு, என்ன பண்ணாங்க, எதை பண்ணாங்கன்னு கண்டுபிடிக்கறதுதான் கிராமர், அதையே வேகமா பண்ணா அதுக்கு பேரு ரீடிங். இதுக்கு உங்ககிட்ட ஏற்கனவே இருக்கற பெரிய பலம் உங்க தமிழ். தமிழ்ல நீங்க ஒரு கிராமர் தப்பும் இல்லாம பேசறீங்க, அந்த அறிவை அப்படியே பக்கத்துல வச்சு இங்கிலீஷை பாத்தா பாதி வேலை முடிஞ்சுது.

ஸ்டெப் 1: வினைச்சொல்லை தேடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்

தமிழ்ல வினை கடைசில வரும். "ராமு நேத்து கடையில ஒரு பேனா வாங்கினான்", இதுல "வாங்கினான்" வர்ற வரைக்கும் ராமு என்ன பண்ணான்னு தெரியாது, நாமளும் பொறுமையா காத்திருப்போம். இங்கிலீஷ்ல ஆள் வந்த உடனே வினை வந்துடும், "ராமு பாட் எ பென்", மிச்ச விவரம் எல்லாம் அதுக்கு பின்னாடி வரிசையா நிக்கும். தமிழ் பழக்கத்துல நம்ம கண்ணு கடைசிக்கு ஓடுது, அங்க வினை இல்ல, அதனாலதான் வரி முடிஞ்சும் ஒண்ணும் புரியாத மாதிரி இருக்கு.

அதனால முதல் ரெண்டு வாரம் வேற எதுவும் வேண்டாம். எந்த இங்கிலீஷ் வாக்கியத்தை பாத்தாலும் பென்சிலால வினையை வட்டம் போடுங்க, அந்த வேலையை செஞ்சது யாருன்னு அடிக்கோடு போடுங்க. அவ்ளோதான். பால் பாக்கெட் கவரா இருந்தாலும் சரி, பேங்க்ல குடுக்கற ஃபார்மா இருந்தாலும் சரி. ஆரம்பத்துல "இஸ், ஆர், வாஸ், வேர், ஹேஸ், ஹேவ், ஹேட், வில், கேன்" இதெல்லாம் வினைன்னு கண்ணுக்கு படாது, பழகணும். "ஹேஸ் பீன் கிவன்" மாதிரி மூணு சேர்ந்து வந்தா மூணையும் சேர்த்து ஒரே வட்டம்.

ஆளுக்கு ஏத்த மாதிரி வினை மாறணும்னு இங்கிலீஷ்ல ஒரு ரூல் இருக்குல்ல, அதை பெரிய விஷயமா பயப்படறாங்க. தமிழ்ல வந்தான், வந்தா, வந்துச்சு, வந்தாங்க, வந்தேன்னு எத்தனை மாத்தறோம், ஒண்ணாவது தப்பா வருதா? இங்கிலீஷ்ல நிகழ்காலத்துல "ஐ, யூ" தவிர ஒரே ஆளா இருந்தா ஒரு "எஸ்" சேரும், "இஸ், ஆர்" மாதிரி சிலது மாறும், கிட்டத்தட்ட அவ்ளோதான். எக்ஸாம்ல ஏமாத்தறது எப்படின்னா ஆளுக்கும் வினைக்கும் நடுவுல வேற ஒரு பேர்ச்சொல்லை போட்டு வைப்பாங்க. "தி க்வாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் ஆர் குட்" அப்படின்னு இருக்கும், மாம்பழம் பக்கத்துலயே இருக்கறதால "ஆர்" சரியா தெரியும். நல்லா இருக்கறது எது? க்வாலிட்டி. அது ஒண்ணு, அதனால "இஸ்". "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்"னு வந்தாலும் இதேதான், பேசறது அந்த ஒருத்தனை பத்தி.

ஸ்டெப் 2: நீளமான வாக்கியத்தை உடைக்கறது

பேசேஜ் புரியாததுக்கு முக்கிய காரணம் இதுதான்னு நான் நினைக்கறேன், வார்த்தை தெரியாதது ரெண்டாவது காரணம்தான். தமிழ்ல "நேத்து வந்த பையன்"னு சொல்றோம், பையனை பத்தின விவரம் பையனுக்கு முன்னாடியே வந்துடுது. இங்கிலீஷ்ல பையன் முதல்ல வருவான், விவரம் பின்னாடி வால் மாதிரி வரும், "தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே". இந்த "ஹூ, விச், தட், ஹூஸ், வேர் (where)" எல்லாம் கேள்வி இல்ல, வால் ஆரம்பிக்குதுன்னு சொல்ற அடையாளம்.

இப்போ இந்த வாக்கியத்தை பாருங்க: "தி ஃபார்மர்ஸ் ஹூ பாரோட் மனி ஃப்ரம் தி கோஆபரேடிவ் பேங்க் லாஸ்ட் இயர் ஹேவ் நாட் ரிபெய்ட் தி லோன்." இதுல வினை ரெண்டு இருக்கு, "பாரோட்" ஒண்ணு, "ஹேவ் நாட் ரிபெய்ட்" ஒண்ணு. "ஹூ"ல ஆரம்பிச்சு "லாஸ்ட் இயர்" வரைக்கும் வால், அதை அப்படியே பிராக்கெட் போட்டு மூடுங்க. மிச்சம் இருக்கறது "விவசாயிகள் கடனை திருப்பி கட்டல", இதுதான் முதுகெலும்பு. அப்புறம் பிராக்கெட்டை திறந்து பாருங்க, எந்த விவசாயிகள்? போன வருஷம் கூட்டுறவு பேங்க்ல கடன் வாங்கினவங்க. தமிழ்ல ஒரே மூச்சுல சொல்லணும்னா "போன வருஷம் கூட்டுறவு பேங்க்ல கடன் வாங்கின விவசாயிங்க கடனை கட்டல", எவ்ளோ சிம்பிள் பாருங்க.

சில சமயம் "ஹூ", "விச்" எதுவுமே இல்லாம வால் வரும், "தி லோன் சேங்ஷன்ட் பை தி பேங்க்" மாதிரி. "சேங்ஷன்ட்" பாக்கறதுக்கு மெயின் வினை மாதிரியே இருக்கும், ஆனா கடன் எதையும் சேங்ஷன் பண்ணாது, பேங்க்தான் பண்ணும், அதனால இது "பேங்க் சேங்ஷன் பண்ண கடன்"ங்கற வால்தான், மெயின் வினை இன்னும் தள்ளி வரும். இந்த ஒரு இடத்துலதான் நல்லா படிக்கறவங்களும் தடுக்கி விழறாங்க. ஒரு நாளைக்கு பத்து நீள வாக்கியம் எடுத்து பிராக்கெட் போட்டு உடைச்சு பாருங்க, ஒரு மாசத்துல வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஸ்டெப் 3: டென்ஸை தமிழ் பேச்சு வழியா பிடிங்க

சார்ட்டை கொஞ்ச நாள் கழட்டி வைங்க. நீங்க பேசற தமிழ்ல இது எல்லாம் ஏற்கனவே இருக்கு.

"தினமும் பேப்பர் படிக்கறேன்", இது "ஐ ரீட்". "இப்போ படிச்சிட்டு இருக்கேன்", இது "ஐ அம் ரீடிங்". "அவனை பாத்தேன்", "ஐ சா ஹிம்". "அவனை பாத்திருக்கேன்", "ஐ ஹேவ் சீன் ஹிம்". கடைசி ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை கவனிங்க. நேத்துன்னு நாள் சொல்லிட்டா "நேத்து அவனை பாத்தேன்"னுதான் சொல்லுவோம். எப்போன்னு முக்கியமில்லாம அனுபவத்தை மட்டும் சொல்லும்போதுதான் "பாத்திருக்கேன்". இங்கிலீஷும் அதேதான், "எஸ்டர்டே ஐ ஹேவ் சீன்" தப்பு, "எஸ்டர்டே ஐ சா" சரி. "நான் போனப்போ பஸ் கிளம்பியிருந்துச்சு"ங்கறதுல "கிளம்பியிருந்துச்சு" இருக்கே, அதுதான் "ஹேட் லெஃப்ட்". நடந்து முடிஞ்ச ரெண்டு விஷயத்துல முந்தி நடந்ததுக்கு "ஹேட்".

தமிழ் நம்மளை கவுத்து விடற இடம் ஒண்ணு இருக்கு. "அஞ்சு வருஷமா சென்னைல இருக்கேன்"னு நிகழ்காலத்துல சொல்லுவோம், அதை அப்படியே மாத்தி "ஐ அம் லிவிங் இன் சென்னை ஃபார் ஃபைவ் இயர்ஸ்"னு எழுதுவோம். அது தப்பு. முன்னாடி ஆரம்பிச்சு இன்னும் நடக்கறதுக்கு "ஹேவ் பீன் லிவிங்" வரணும். இதுல "ஃபார்" வருமா "சின்ஸ்" வருமான்னு குழப்பமே வேண்டாம், "வருஷமா, மாசமா, நாளா"ன்னு "ஆ"ல முடிஞ்சா "ஃபார்", "2020லேர்ந்து, திங்கக்கிழமைலேர்ந்து"ன்னு "லேர்ந்து" வந்தா இந்த மாதிரி வாக்கியத்துல "சின்ஸ்".

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், பேசேஜ்ல அடிக்கடி கேள்வி இதுலேர்ந்து வரும். "நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்", இதுக்கு இங்கிலீஷ் "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்". தமிழ்ல இதை கேட்ட உடனே நமக்கு தெரியும், இவன் சொல்லவும் இல்ல, அவன் வரவும் இல்ல. இங்கிலீஷ்ல படிக்கும்போது "ஹேட்", "வுட் ஹேவ்" பாத்தா அதே மாதிரி ரெண்டும் நடக்கலன்னு புரிஞ்சுக்கணும். "அரசாங்கம் முன்னாடியே நடவடிக்கை எடுத்திருந்தா விலை ஏறியிருக்காது"ன்னு பேசேஜ் சொன்னா, விலை ஏறிடுச்சுன்னு அர்த்தம். "விலை ஏறல"ன்னு ஒரு ஆப்ஷன் கண்டிப்பா வச்சிருப்பாங்க.

ஸ்டெப் 4: சின்ன சின்ன விஷயங்கள்

இதுல ரொம்ப நேரம் போக்காதீங்க. "எ", "தி" ரெண்டுக்கும் பாட்டி கதையே போதும். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான், அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி." முதல் தடவை வரும்போது "ஒரு", அது "எ". தெரிஞ்சதுக்கு அப்புறம் "அந்த", அது "தி". எல்லா இடத்துக்கும் பொருந்தாது ஆனா பெரும்பாலான இடத்துல கை குடுக்கும். "எ"வா "அன்"னான்னு எழுத்தை பாக்காதீங்க, சத்தத்தை கேளுங்க, "அன் ஹவர்", "எ யுனிவர்சிட்டி". நேரம் சொல்ல மணிக்கு "அட்", கிழமைக்கும் தேதிக்கும் "ஆன்", மாசத்துக்கும் வருஷத்துக்கும் "இன்".

தமிழ் வாசனையில வர்ற சில தப்புகளை மட்டும் ஒரு பக்கத்துல எழுதி வச்சுக்குங்க, எக்ஸாம்ல எரர் ஸ்பாட்டிங்ல, அதாவது வாக்கியத்துல தப்பை கண்டுபிடிக்கற கேள்வில, இதையே சுத்தி சுத்தி கேப்பாங்க. "டிஸ்கஸ் அபௌட்" வராது, "டிஸ்கஸ்" மட்டும். "ரிட்டர்ன் பேக்" வராது. "மேரீட் வித்" இல்ல, "மேரீட் டு". "சீனியர் தேன்" இல்ல, "சீனியர் டு". "ஆல்தோ" போட்டா அதே வாக்கியத்துல "பட்" போடக்கூடாது, "மழை பெஞ்சாலும் ஆனா அவன் வந்தான்"னு நாம தமிழ்லயும் சொல்ல மாட்டோமே.

ஸ்டெப் 5: எதை படிக்கறது

எடுத்த எடுப்புல தி ஹிந்து எடிட்டோரியல் படின்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் வேண்டாம்னு சொல்லுவேன், அது கடைசி படி. ஒரு பக்கம் படிச்சு அதுல அஞ்சு வார்த்தைக்கு மேல தெரியலன்னா அது இப்போதைக்கு உங்களுக்கு இல்ல, எடுத்து வைங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

நான் சொல்ற வரிசை இது. முதல்ல நம்ம ஸ்டேட் போர்டு ஆறாவது, ஏழாவது இங்கிலீஷ் பாடப்புத்தகம், காசு இல்லாமலே பிடிஎஃப் கிடைக்குது, அந்த வயசுல பரீட்சைக்காக படிச்சதை இப்போ கதையா படிங்க. இதோட பெரிய வசதி என்னன்னா ஏற்கனவே தெரிஞ்ச கதையா இருந்தா கவனம் முழுக்க வாக்கியத்து மேல இருக்கும். அதுக்கப்புறம் ஒன்பது, பத்து. அடுத்து விக்கிபீடியால சிம்பிள் இங்கிலீஷ்னு தனியா ஒரு பதிப்பு இருக்கு, எளிமையான வார்த்தையிலயே எழுதணும்ங்கறதுதான் அதோட நோக்கம், உங்களுக்கு பிடிச்ச கிரிக்கெட்டோ ராக்கெட்டோ அதுல தேடி படிங்க. காதுக்கும் வேலை குடுக்கணும்னா பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இருக்கு, ஆறு நிமிஷ ஆடியோ, பேசறதை அப்படியே எழுத்துலயும் குடுத்திருப்பாங்க. அதுக்கும் அப்புறம்தான் பேப்பர், அதுலயும் முதல்ல ஸ்போர்ட்ஸ் பக்கம், ஊர் செய்தி, பிறகு பிசினஸ் பக்கம், கடைசியா எடிட்டோரியல்.

வீட்ல உக்காந்து படிக்க இடம் இல்லாதவங்க லைப்ரரிக்கு போங்க. சென்னைல கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், மத்த ஊர்ல மாவட்ட மைய நூலகம். ஃபோனை பையில போட்டுட்டு ரெண்டு மணி நேரம் உக்கார ஒரு இடம் கிடைக்கறதே பெரிய விஷயம்.

ஸ்டெப் 6: தினமும் அரை மணி நேரம், இப்படி

ஒரு பக்கம் எடுத்துக்குங்க. முதல் தடவை டிக்ஷனரி இல்லாம, நிக்காம கடைசி வரைக்கும் படிங்க. தெரியாத வார்த்தை வந்தா பென்சில்ல ஒரு புள்ளி, மேல போயிட்டே இருங்க. முடிச்சிட்டு புக்கை மூடி, இப்போ என்ன படிச்சோம்னு ரெண்டு வரியில தமிழ்ல சொல்லி பாருங்க, வாய் விட்டு சொல்லுங்க. சொல்ல முடிஞ்சா புரிஞ்சிருக்கு. முடியலன்னா எந்த பாராவுல விட்டுச்சுன்னு பாத்து அந்த பாராவை மட்டும் வினை வட்டம், பிராக்கெட் போட்டு உடைங்க.

தமிழ்ல யோசிக்காத, இங்கிலீஷ்லயே யோசின்னு அட்வைஸ் பண்றவங்க இருக்காங்க, அது ரொம்ப தூரம் போனதுக்கு அப்புறம் தானா வரும். ஆரம்பத்துல தமிழ்ல சொல்லி பாக்கறதுல எந்த தப்பும் இல்ல, ஆனா வார்த்தைக்கு வார்த்தை மாத்தாதீங்க, மொத்தமா விஷயத்தை சொல்லுங்க.

ரெண்டாவது தடவை படிக்கும்போது "பட், ஹவெவர், யெட், ஆல்தோ, டெஸ்பைட்" மாதிரி வார்த்தையை தேடி கட்டம் போடுங்க. இங்கதான் பேச்சு திரும்புது. "பலர் இப்படி சொல்றாங்க... ஹவெவர்..."னு வந்தா முன்னாடி சொன்னது ஊர்ல உள்ளவங்க கருத்து, பின்னாடி வர்றதுதான் எழுதினவர் கருத்து. "இட், திஸ், தீஸ், தே" வந்தா அம்புக்குறி போட்டு அது யாரை குறிக்குதுன்னு காட்டுங்க. "திஸ்" சில சமயம் ஒரு பொருளை குறிக்காம முன்னாடி வாக்கியம் முழுசையும் குறிக்கும், அதை விட்டுட்டா அடுத்த பாரா முழுக்க மாறி புரியும்.

ஸ்டெப் 7: வார்த்தைகள்

புள்ளி வச்ச எல்லா வார்த்தையையும் தேட வேண்டாம். ரெண்டு மூணு தடவை வந்தது, இல்ல அது தெரியாம பாரா புரியாதது, அதை மட்டும் பாருங்க. டிக்ஷனரில ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ் ரெண்டும் நெட்ல இலவசம், மொழி கத்துக்கறவங்களுக்காக எளிமையா எழுதினது, உதாரண வாக்கியமும் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு 3000னு ஒரு லிஸ்ட் இருக்கு, முக்கியமான மூவாயிரம் வார்த்தையை ஏ1 (ஆரம்ப நிலை)லேர்ந்து பி2 (நடுத்தரத்துக்கு மேல) வரைக்கும் லெவல் பிரிச்சு குடுத்திருக்காங்க. அதுல ஏ1, ஏ2 பூரா தெரியுதான்னு முதல்ல செக் பண்ணுங்க, அபூர்வமான வார்த்தை லிஸ்டை மனப்பாடம் பண்றதை விட இது எவ்வளவோ மேல்.

நோட்ல வார்த்தையும் அர்த்தமும் மட்டும் எழுதாதீங்க, அது வந்த வாக்கியத்தோட எழுதுங்க. ஏன்னா பேங்க் எக்ஸாம் பேசேஜ்ல தெரிஞ்ச வார்த்தையே வேற வேஷத்துல வரும். "இன்ட்ரஸ்ட்" ஆர்வம் இல்ல, வட்டி. "ப்ரின்சிபல்" காலேஜ் ஆள் இல்ல, அசல். "செக்யூரிட்டி" வாட்ச்மேன் இல்ல, கடனுக்கு ஈடு, இல்லன்னா கடன் பத்திரம். "ருபீ அப்ரிஷியேட்டட்"னா ரூபாயை யாரும் பாராட்டல, மதிப்பு கூடிச்சு.

ஸ்டெப் 8: கேள்விக்கு பதில் எடுக்கறது

பேசேஜ் முதல்லயா கேள்வி முதல்லயான்னு எப்பவும் ஒரு சண்டை இருக்கும். கேள்வியை மட்டும் ஒரு ஓட்டம் பாத்துட்டு, ஆப்ஷனை தொடாம பேசேஜுக்கு போங்கன்னு நான் சொல்லுவேன். ஆப்ஷனை முதல்ல படிச்சா அதுல ஒண்ணை தவிர மத்ததெல்லாம் பொய், அந்த பொய்யோடயே பேசேஜை படிப்பீங்க.

ஒரு பேசேஜ் இப்படி சொல்லுதுன்னு வச்சுக்குங்க: ஃபோன்ல பணம் வாங்க ஆரம்பிச்சதால சின்ன கடைக்காரங்க பலருக்கு வியாபார கணக்கு பதிவாகுது, அதை பாத்து பேங்க் லோன் குடுக்குது, ஆனா நெட்வொர்க் சரியில்லாத கிராமத்துல இந்த பலன் குறைவு. எது சரின்னு கேள்வி. முதல் ஆப்ஷன், எல்லா கடைக்காரங்களுக்கும் லோன் கிடைக்குது. பேசேஜ் சொன்னது பலர், ஆப்ஷன் சொல்றது எல்லாரும், போச்சு. ரெண்டாவது, கிராமத்துல யாருக்கும் பலன் இல்ல. குறைவுங்கறது வேற, இல்லங்கறது வேற, இதுவும் போச்சு. மூணாவது, யுபிஐ 2016ல வந்துச்சு. இது உலகத்துல உண்மை, ஆனா பேசேஜ்ல இல்ல, அதனால பதில் இல்ல. பொது அறிவு அதிகம் இருக்கற பசங்க இதுலதான் மாட்டறாங்க, எல்லாம் தெரியும்ங்கறதாலயே. நாலாவது, பதிவான கணக்கு இருக்கறது சில கடைக்காரங்களுக்கு கடன் வாங்க உதவுது. பேசேஜ் வாக்கியம் எதுவும் அப்படியே இல்ல, ஆனா விஷயம் அதேதான், இதுதான் பதில். சரியான ஆப்ஷன் பெரும்பாலும் இப்படி வேற வார்த்தையில, கொஞ்சம் அடக்கமா இருக்கும். "ஆல்வேஸ், நெவர், ஒன்லி, ஆல்" வந்தா உடனே தூக்கி போடாதீங்க, பேசேஜ்லயும் அவ்ளோ அழுத்தமா சொல்லியிருக்கான்னு திரும்பி போய் பாருங்க.

ஒவ்வொரு பதிலுக்கும் பேசேஜ்ல எந்த வரின்னு விரல் வச்சு காட்ட முடியணும். வீட்ல ப்ராக்டிஸ் பண்ணும்போது வரி நம்பரை பக்கத்துல எழுதுங்க. நீங்க தப்பா போட்ட கேள்விக்கு சரியான பதிலை பாத்து டிக் அடிச்சிட்டு போகாதீங்க, நீங்க எடுத்த ஆப்ஷன் ஏன் தப்புன்னு தமிழ்ல ஒரு வரி எழுதுங்க. கொஞ்ச நாள்ல அந்த நோட்டை புரட்டினா நீங்க எப்பவும் ஒரே மாதிரி இடத்துலதான் விழறீங்கன்னு தெரியும்.

ஸ்டெப் 9: எக்ஸாம் ஹால்ல

ஐபிபிஎஸ் பிஓ (பேங்க் ஆபீசர் வேலைக்கான எக்ஸாம்) ப்ரிலிம்ஸ்ல, அதாவது முதல் கட்டத்துல, இங்கிலீஷ் 30 கேள்வி, 20 நிமிஷம், அந்த நேரத்தை வேற செக்ஷனுக்கு மாத்திக்க முடியாது. பேசேஜ் எத்தனாவதா வந்தாலும் நான் சொல்றது, தெளிவா தெரிஞ்ச கிராமர், ஃபில்லர்ஸ் (கோடிட்ட இடத்தை நிரப்பற கேள்வி) எல்லாத்தையும் முதல்ல முடிச்சிட்டு எட்டு ஒன்பது நிமிஷத்தை பேசேஜுக்கு வைங்க. நேரம் வச்சு ப்ராக்டிஸ் பண்றதை மேல சொன்னது எல்லாம் கைக்கு வந்தப்புறம் ஆரம்பிச்சா போதும், புரியறதுக்கு முன்னாடி வேகம் பழகினா தப்பு மட்டும்தான் வேகமா வரும்.

தெரியாத கேள்வியை அடிக்கலாமா வேண்டாமான்னு எல்லாரும் கேப்பாங்க, கணக்கு போட்டுடலாம். தப்புக்கு கால் மார்க் போகும். அஞ்சு ஆப்ஷன் இருக்கற அஞ்சு கேள்வியை கண்ணை மூடிட்டு அடிச்சா சராசரியா ஒண்ணு சரி, நாலு தப்பு, வந்த ஒரு மார்க்கும் போன ஒரு மார்க்கும் சரிக்கு சரி, கையில ஒண்ணும் நிக்காது. அதனால கண்ணை மூடிட்டு அடிக்கறது நேரத்துக்கும் வேஸ்ட். ஆனா ரெண்டு ஆப்ஷன் கண்டிப்பா தப்புன்னு காரணத்தோட தள்ள முடிஞ்சா மிச்சம் மூணுதான், அப்போ மூணு கேள்விக்கு ஒண்ணு சரியானா கூட அரை மார்க் மிச்சம், அங்க தைரியமா அடிங்க. ஒண்ணை கூட தள்ள முடியலன்னா அந்த கேள்வியை விட்டுட்டு அடுத்ததுக்கு போங்க.